தாய்ச்சி சண்டைக் கலைதானா?

அன்புள்ள அண்ணா,

சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். பதினோரு வருடமாகக் கராத்தே பழகுகிறேன். அப்பாவுக்கு 69 வயது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதன் பிறகு டாக்டர் சொல்லி, எங்கள் புளோக்குக்குக் கீழே காலையில் நடக்கும் தாய்ச்சி வகுப்பில் சேர்ந்தார். மெதுவாகக் கைகால்களை அசைத்துச் செய்யும் சீனப் பயிற்சி அது. சென்ற வாரம் வீட்டுக்கு வந்த மாமாவிடம், "நானும் பையனும் ரெண்டு பேருமே தற்காப்புக் கலைதான் கத்துக்கறோம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். "அது எக்சர்சைஸ்பா, அதை வச்சு யாரையும் அடிக்க முடியாது" என்றும் சொல்லிவிட்டேன். அப்பா பதில் பேசவில்லை. அன்றிலிருந்து வகுப்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மனசு உறுத்துகிறது. ஆனால் 2017இல் சீனாவில் ஒரு தாய்ச்சி ஆசிரியரை எம்எம்ஏ (பல சண்டைக் கலைகளைக் கலந்து மோதும் போட்டி) வீரர் கண்மூடித் திறப்பதற்குள் வீழ்த்திய வீடியோவைப் பார்த்தவன் நான். தாய்ச்சி நிஜமாகவே சண்டைக் கலையா?

எம்.

அன்புள்ள எம்.,

சண்டைக் கலைதான். உங்கள் அப்பா மாமாவிடம் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நீங்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முழுப்பெயர் தாய்ச்சி சுவான். சுவான் என்றால் முஷ்டி. கையால் போடும் சண்டைக்கு சீனத்தில் அதுதான் சொல். சும்மா வைத்த பெயரல்ல. ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தார் வாழும் சென்ஜியாகோவ் கிராமத்தில்தான் இதன் வேர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங் என்ற படைவீரரை அங்கே மூலவராகக் கொண்டாடுகிறார்கள். மிங் காலத்துத் தளபதி சி ஜிகுவாங் தன் படைப்பயிற்சி நூலில் 32 குத்துச்சண்டை நிலைகளைக் கொடுத்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர்கள் சென் குடும்பத்தாரின் வரிசைகளில், அதாவது அசைவுகளைத் தொடர்ச்சியாகக் கோத்த பயிற்சிகளில், அப்படியே இருக்கின்றன. இன்றைக்கும் சென் பாணியில் தரை அதிர மிதிப்பார்கள், துள்ளுவார்கள், சட்டென்று வெடிப்பதுபோல் குத்துவார்கள். அவர்களுடைய இரண்டாம் வரிசையின் பெயரே பீரங்கி முஷ்டி.

பிறகு எப்படி இத்தனை மெதுவாக ஆனது? அந்தக் கிராமத்துக்கு வெளியிலிருந்து வந்து கற்றவர் யாங் லுசான் (1799–1872). பீஜிங்குக்குப் போய் மஞ்சு பிரபுக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரை 'வெல்ல முடியாத யாங்' என்று அழைத்தார்கள். அவருடைய பேரன் யாங் செங்ஃபு காலத்தில் துள்ளலும் வெடிப்பும் எடுக்கப்பட்டு, எந்த வயதுக்காரரும் செய்யக்கூடிய ஒரே சீரான ஓட்டமாக வரிசை மாறியது. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அந்த யாங் வரிசையைச் சுருக்கி 24 அசைவுகளாக்கியது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் புளோக்குக்குக் கீழே நடப்பது அநேகமாக அதுதான்.

சுருக்கினாலும் உள்ளே இருப்பது போகவில்லை. 'பீப்பா மீட்டுதல்' என்று ஓர் அசைவு உண்டு. பீப்பா என்பது சீனத்துத் தந்தி வாத்தியம். அப்பாவிடம் செய்துகாட்டச் சொல்லுங்கள். எடை முழுவதும் பின்காலில் இருக்கும். முன்காலின் குதிகால் மட்டும் தரையைத் தொட்டிருக்கும். இடது கை முன்னால் நீண்டிருக்கும், வலது கை அந்த முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வாத்தியம் ஏந்தியதுபோல் அழகாக இருக்கும். இப்போது நீங்கள் அவர் எதிரே நின்று மெதுவாக ஒரு வலக்கைக் குத்து விடுங்கள். அவருடைய வலது கை உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்க, இடது உள்ளங்கை உங்கள் முழங்கையை வெளிப்பக்கத்திலிருந்து அழுத்தும். மூட்டு பூட்டிக்கொள்ளும். எடை இல்லாத அந்த முன்கால் உங்கள் முழங்காலை உதைக்கத் தயாராக இருக்கிறது. கராத்தேக்காரரான உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. உங்கள் கராத்தேயின் அசைவு வரிசையான காட்டாவிலும் இப்படித்தானே ஒவ்வொரு அசைவுக்குள்ளும் ஓர் அடி ஒளிந்திருக்கிறது?

சரி, அந்த வீடியோ. 2017 ஏப்ரலில் செங்டுவில் நடந்தது. நீங்கள் சொன்ன எம்எம்ஏ வீரர் சூ சியாவ்டோங், வேய் லெய் என்ற தாய்ச்சி ஆசிரியரை வீழ்த்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. நானும் பார்த்தேன், வலித்தது. ஆனால் அதில் சூ காட்டியது பொய்யில்லை. திருப்பி அடிக்கும் ஆளோடு தினமும் மோதிப் பழகியவருக்கும் அப்படிப் பழகாதவருக்கும் உள்ள தூரம் அது. ஆளோடு மோதிப் பழகும் ஸ்பாரிங்கே இல்லாமல் பதினோரு வருடம் காட்டா மட்டும் செய்த ஒருவரை அந்த மேடையில் நிறுத்தினாலும் இதே கதிதான். நீங்கள் சொன்னதில் பாதி உண்மை என்றேனே, அது இதுதான். வரிசையை மட்டும் பழகியவரால் சண்டை போட முடியாது, எந்தக் கலையிலும். தொடாமலே ஆளைத் தூக்கி எறிவேன் என்று சொல்லும் ஆசிரியர்கள் தாய்ச்சிக்குச் செய்திருக்கும் கெடுதல் கொஞ்சமல்ல. அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

இன்னொரு படப்பதிவும் இருக்கிறது, அதையும் தேடிப் பாருங்கள். 1954 ஜனவரி, மக்காவ். ஹாங்காங் தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட மேடை போட்டு ஒரு மோதல் நடத்தினார்கள். ஒரு பக்கம் வூ பாணி தாய்ச்சியின் வூ குங்யி, ஐம்பது தாண்டியவர். எதிரே வெள்ளைக் கொக்கு என்ற வேறொரு சண்டைப் பாணியின் சான் ஹாக்ஃபு, வயதில் மிகவும் இளையவர். அதில் நளினம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் தாறுமாறாகக் குத்திக்கொள்கிறார்கள், மூக்கில் ரத்தம் வருகிறது. இரண்டாவது சுற்றிலேயே நிறுத்தி, வெற்றி தோல்வி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு தாய்ச்சிக்காரர் நிஜ அடியை வாங்கிக்கொண்டு நிஜ அடியைத் திருப்பிக் கொடுத்தார். பதிவு இருக்கிறது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். சிங்கப்பூரில் தோ பாயோவில் சில வருடம் குடியிருந்தேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு சீனப் பெரியவர் தாய்ச்சி சொல்லிக்கொடுப்பார். அங்கிள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வரிசை முடிந்ததும் இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்து துய்ஷோ செய்யச் சொல்வார். கையோடு கை ஒட்டி ஒருவரை ஒருவர் நிலைகுலைக்கும் பயிற்சி அது. ஒரு நாள் என்னைத் தன் எதிரே நிறுத்தினார். மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டியிருந்தது. "புஷ்" என்றார். தள்ளினேன். அவர் கை எதிர்க்கவில்லை, விலகவும் இல்லை, என் கையோடு கூடவே போனது. இடுப்பு கொஞ்சம் திரும்பியது. நான் தள்ளிய பலம் அவரைத் தாண்டி வெறும் காற்றில் போய்க்கொண்டிருந்தது. என் எடை முழுவதும் முன்கால் விரல்களுக்கு வந்துவிட்டதை நான் உணர்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியில் என் விலாவில் அவர் உள்ளங்கை பட்டது. பட்டது என்றுதான் சொல்ல முடியும், அடி என்று சொல்ல முடியாது. நாலடி பின்னால் போய்த் தூணில் சாய்ந்தேன். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

அன்றைக்குத்தான் மெதுவாகச் செய்வது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் வழியில் ஆள் எங்கே பலவீனமாக இருக்கிறான் என்பது வேகமாகச் செய்தால் தெரியாது. முதலில் தன் உடம்பில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் எதிராளியின் உடம்பில் அது கைக்குத் தட்டுப்படும். டாக்டர் உங்கள் அப்பாவை அனுப்பியதும் இதற்காகத்தான். அமெரிக்காவின் ஓரிகனில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2012இல் வெளிவந்தது. வாரம் இரண்டு முறை, 24 வாரம் தாய்ச்சி செய்தவர்களுக்கு, தசைகளை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட உடல் சமநிலை மேம்பட்டது, விழுவதும் குறைந்தது. யாரோ தள்ளும்போது விழாமல் நிற்பதும் ஈரத்தரையில் விழாமல் நிற்பதும் உடம்புக்கு ஒரே பாடம்தான்.

இன்று சாயங்காலம் அப்பாவிடம் போய், "பீப்பா எப்படிப்பா பிடிக்கணும்?" என்று கேளுங்கள். அவருடைய ஆசிரியர் துய்ஷோ சொல்லித்தருவாரா என்றும் விசாரியுங்கள். சொல்லித்தருவார் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் கீழே இறங்கிப் போய் அப்பாவுக்கு எதிரே நில்லுங்கள். கையை முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள், அவருக்கு 69 வயது.