தொழுவத்தில் எழும் சிரிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தப் பொங்கல் விடுமுறைக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். பட்டிப் பொங்கலன்று பூசை முடிவதற்குள்ளாகவே மச்சான்மாரும் பங்காளிகளும் கேலியில் இறங்கிவிட்டார்கள். நன்றி சொல்வதற்கென்றே அமைந்த நாளில் சற்று நேரமாவது அடக்கமாக நிற்க வேண்டாமா? அடுத்த ஆண்டு இதைத் தடுத்துச் சொல்லலாமா?

சென்னையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலையை நிறுத்திவிட்டு நினைத்துப் பார்க்க ஒரு நாள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிரிப்பு அந்த நினைப்பைக் கெடுக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை, ஏனெனில் மாட்டுப் பொங்கலுக்கென்று வழிவழியாகச் சொல்லப்படும் கதையே ஒரு நகைச்சுவைக் கதைதான். தினமும் எண்ணெய் தேய்த்துக் குளித்து மாதம் ஒருமுறை உண்ணும்படி மனிதர்களிடம் சொல்லிவரச் சிவன் நந்தியை அனுப்புகிறார். நந்தியோ தினமும் உண்டு மாதம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லிவிட்டு வருகிறது. அத்தனை பேருக்கும் அன்றாடம் சோறு வேண்டுமென்றால் நீயே போய் ஏர் இழு என்று சிவன் அதைப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார். (டிராக்டர் வந்த பிறகு அந்தச் சாபம் பெருமளவு தீர்ந்துவிட்டது, தினமும் உண்ணும் உரிமை மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது.)

நாம் மூன்று வேளை உண்பது நம் தகுதியால் அல்ல, யாரோ வாய்தவறிச் சொன்னதாலும் அதற்கான உழைப்பை அவரே சுமந்ததாலும்தான் என்கிறது இந்தக் கதை. இதையே ஒருவர் முகத்தை இறுக்கிக்கொண்டு உபதேசமாகச் சொல்லியிருந்தால், கேட்டவர்கள் கைகூப்பிவிட்டு மறந்திருப்பார்கள்.

உங்கள் பக்கத்துச் சடங்கையே பாருங்கள். கொம்புக்கு வண்ணம் பூசி, புதுக் கயிறு மாற்றி, சாணத்தால் வரப்புக் கட்டி நீர் நிரப்பிய சிறு தெப்பக்குளத்தை மிதித்துத் தாண்டும்படி மாட்டை ஓட்டுவார்கள். தட்டைத் தட்டும் ஓசையில் மிரண்ட கன்று பூசைப் பொருள்களின் மேல் பாய்வதும், வாயருகே நீட்டிய பொங்கலை ஒதுக்கிவிட்டுப் பசு பக்கத்து மாட்டின் மாலையை மெல்லுவதும் அங்கே வழக்கம். ஆண்டு முழுவதும் கட்டிப்போட்டும் அதட்டியும் வேலை வாங்கிய உயிரின் முன் ஒரே நாளில் பக்திமான்களாக நிற்கும் நம் கூச்சமும் அந்தச் சிரிப்பில்தான் கொஞ்சம் கரைகிறது.

தை 2ஆம் நாளைத் தமிழக அரசு திருவள்ளுவர் நாளாகவும் கொண்டாடுகிறது. செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கிய அவர்தான், பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவர்க்கு இப்பேருலகம் பகலிலும் இருண்டு கிடக்கும் என்று 999ஆம் குறளில் சொல்கிறார். அக்குறள் இடம்பெற்றிருப்பது பண்புடைமை அதிகாரத்தில் என்பதையும் கவனியுங்கள்.

தடுத்துச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேலி யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். பங்காளிகள் தங்களுக்குள் காலை வாரிக்கொண்டால் விட்டுவிடலாம். ஆண்டு முழுவதும் தொழுவத்தைக் கூட்டி, மாட்டைக் குளிப்பாட்டி, அன்றைக்கும் ஓரமாக நிற்கும் ஆளை வைத்துச் சிரிக்கிறார்கள் என்றால், பூசை நடுவில் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். எந்த மாடு எப்போது யாரை முட்டித் தள்ளியது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். அவரை உட்காரவைத்து அந்தக் கதைகளைச் சொல்லச் சொன்னால் உங்கள் மச்சான்மாரில் பலர் வாயைத் திறக்க மாட்டார்கள்.