ஸ்பேனியல் நாய் வளர்க்க ஆசை. குணம் எப்படி? வயதானால் என்னென்ன தொந்தரவு வரும்?

எங்கள் வீட்டில் இருப்பவன் இங்கிலிஷ் காக்கர் ஸ்பேனியல். இப்போது முகவாய் முழுக்க நரை.

குணம் தங்கம்தான், ஆனால் ஒட்டுப்புல். குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே காவல் இருப்பான். பகல் முழுக்க பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இந்த இனம் சரிவராது. புதரில் புகுந்து பறவைகளைக் கிளப்பிவிட உருவாக்கிய இனம் என்பதால் மூக்கு தரையை விட்டு எழாது. அதட்டினால் சுருண்டுவிடும். சில காக்கர்கள் தூக்கிப்போன செருப்பைப் பிடுங்கினால் உறுமும். தின்ன ஏதாவது காட்டி மாற்றி வாங்கிக்கொள்ள குட்டியிலேயே பழக்குங்கள்.

உடம்பில் பெரிய தலைவலி காதுதான். மடல் தொங்குகிறது, உள்ளே முடி, காற்றே போகாது. ஈரம் தங்கினால் கிருமியும் பூஞ்சையும் குடியேறிவிடும். வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி மோந்து பாருங்கள். புளித்த வாடையோ பழுப்பு அழுக்கோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். பஞ்சுக் குச்சியை விட்டுக் குடையாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பழைய சாக்ஸின் விரல் பக்கத்தை வெட்டி இவன் தலையில் மாட்டிவிடுவோம். காது கிண்ணத்தில் விழாது, பார்க்கவும் பாட்டி மாதிரி இருப்பான்!

எடையும் முக்கியம். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தீனிக்குக் கெஞ்சும் அந்தக் கண்ணைப் பார்த்து இரங்கினால் கதை முடிந்தது.

காக்கர்கள் பொதுவாக 12 முதல் 14 வயது வரை இருக்கும். கிழப்பருவத்தில் கூப்பிட்டால் வராததைத் திமிர் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் காது மந்தம். தரையைத் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பும். கண்ணில் நீலச் சாம்பலாகத் தெரிவது பெரும்பாலும் வயதின் இயல்பு, பார்வை அவ்வளவாகக் குறையாது. பால்போல் வெளுத்தால் கண்புரையாக இருக்கலாம். கண் சிவந்து, வலியில் இடுக்கினால் மட்டும் அன்றைக்கே ஓடுங்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோயாக (கிளாக்கோமா) இருந்தால் தாமதம் பார்வையைப் பறித்துவிடும்.

ஸ்பேனியலில் இன்னொரு வகையான கேவலியர் கிங் சார்லஸ் வாங்குவதாக இருந்தால் இதயத்தை யோசியுங்கள். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு தேய்ந்து ரத்தம் பின்னால் கசியும். 10 வயதுக்குள் பெரும்பாலானவற்றுக்கு இதயத்தில் அந்தக் கசிவின் இரைச்சல் கேட்கும். இதயம் பெரிதாகிவிட்டது என்று தெரிந்தவுடன் பிமோபெண்டான் என்ற இதய மருந்தைத் தொடங்கினால் இதயச் செயலிழப்பு தள்ளிப்போகும். நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். குட்டி வாங்குமுன் தாய் தகப்பனின் இதய, கண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். மழுப்புகிறவர்களிடம் வாங்காதீர்கள்.