டிசைன் கல்லூரிக்கு லேசர் கட்டரும் 3டி பிரிண்டரும் வந்துவிட்டன. மாணவர்களைச் சமூகத்துக்குப் பயன்படும் வேலையில் இறக்குவது எப்படி?

உங்கள் கேள்வியில் மெஷின் முன்னால் நிற்கிறது, மக்கள் பின்னால் வருகிறார்கள். முதலில் அதை மாற்றுங்கள். மெஷினே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. யாருக்குச் செய்கிறோம் என்று முடிவாகாமல் மாணவர்களை சாஃப்ட்வேர் முன் உட்கார வைத்தால், செமஸ்டர் கடைசியில் சாவிக்கொத்தும் போன் ஸ்டாண்டும்தான் மிஞ்சும்.

பார்வையற்ற மாணவர்கள் படிக்கும் பள்ளிக்கு, தொட்டுப் படிக்கும் கட்டட வரைபடம் செய்யச் சொல்லுங்கள். தப்பு உடனே தெரிந்துவிடும் வேலை அது. முதல் வாரமே தடித்த அட்டை, நூல், பசை இவற்றால் மாதிரி செய்து அங்கே கொண்டு போகட்டும். பார்வையுள்ளவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வரைபடத்தில் திணிப்பார்கள். விரலுக்கு அது வெறும் சொரசொரப்பு. படிக்கட்டு, திருப்பம், கதவு எனப் படிப்பவர்கள் கேட்பது மட்டும் இருந்தால் போதும். சோதித்துச் சொல்பவர்களின் நேரத்துக்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குங்கள்.

பிரெயில் புள்ளியின் உயரம் சுமார் 0.5 மி.மீ., புள்ளிக்குப் புள்ளி 2.5, எழுத்துக்கு எழுத்து 6 மி.மீ. தாளுக்குள் அடங்கவில்லை என்று மாணவர்கள் மொத்த வரைபடத்தையும் 80 சதவீதமாகச் சுருக்குவார்கள். பிரெயிலும் கூடவே சுருங்கி, படிக்க முடியாமல் போய்விடும். அதைத் தனி லேயரில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். பிரிண்டரில் பலகையைப் படுக்கவைத்து அச்சிட்டால் புள்ளியின் தலை தட்டையாகி விரலை உறுத்தும். நிற்கவைத்து, அடியில் பிரிம் (சாயாமல் பிடிக்கும் மெல்லிய விளிம்பு) கொடுத்து, 0.1 அல்லது 0.15 மி.மீ. அடுக்கில் அச்சிட்டால் வழவழப்பாக வரும். பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். வெயில் நேராக அடிக்கும் இடத்தில் மாட்டாதீர்கள்.

லேசர் பள்ளம்தான் தோண்டும், மேடு எழுப்பாது. சுவர்க்கோடுகளை 1.5 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டி அடிப்பலகையில் ஒட்ட வேண்டும். 3 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் 2.7 ஆகவும் இருக்கும். ஒவ்வொரு ஷீட்டையும் வெர்னியரில் அளந்து, ஒன்றுக்கொன்று 0.05 மி.மீ. வித்தியாசத்தில் சோதனைத் துளைகள் வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே பெரிய துண்டில் கை வையுங்கள். பிவிசியை லேசருக்குள் விடவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதிப்பெண் போஸ்டருக்கும் பளபளப்பான போட்டோவுக்கும் போகிறது. பொருளைச் சுவரில் மாட்டும் நாளில் மாணவர்கள் லீவில் இருக்கிறார்கள். ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள், பள்ளிச் சுவரில் தேய்ந்தும் பயனில் இருக்கும் வரைபடத்தை யாரும் எண்ணுவதில்லை. ‘அது கல்வித்துறையின் பிரச்சினை, கேட்டதற்கு பதில் சொல்’ என்பீர்கள். 16 வாரப் பாடமென்றால் 11ஆம் வாரமே மாட்டிவிடுங்கள். மீதி வாரங்கள் பழுது பார்க்க, அதற்கும் மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே அறிவியுங்கள். பள்ளிக்கு அச்சிடுவதற்கான எஸ்டிஎல் கோப்பு மட்டும் கொடுத்தால் அறை மாறும்போது திருத்த முடியாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பு, பொருளின் பெயர், தடிமன், லேசரின் வேகம், பவர், பசையின் பெயர் எல்லாம் எழுதிய ஒரு தாளும் சேர்த்தே கொடுங்கள்.