ஐடி வேலை வெறுத்துப்போச்சு. மனசுக்குப் பிடித்த வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், வெறுத்தது வேலையா, அது நடக்கும் விதமா என்று பிரித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ‘பர்ன்அவுட்’டை (வேலை அழுத்தத்தால் வரும் கடும் சோர்வு) நோயாக அல்ல, பணியிடம் சார்ந்த நிலையாகத்தான் வகைப்படுத்தியது. தூக்கம், சாப்பாடு, வீட்டு மனிதர்கள் என எல்லாவற்றிலுமே பிடிப்பு போயிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

என்ன வேலை செய்தீர்கள், அப்போது எப்படி இருந்தது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ‘டெஸ்டிங்’ என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. ‘மாலை 4 மணி, புதுப் பையனுக்கு பக் (புரோகிராமில் உள்ள பிழை) எங்கே என்று காட்டினேன், நேரம் போனதே தெரியவில்லை.’ ‘இரவு 10 மணி கிளையன்ட் கால், வாயே திறக்கவில்லை, ஆனாலும் தலைவலி.’ இந்த அளவுக்கு வேண்டும். முதல் வகை அடிக்கடி வந்தால் பயிற்சி தரும் வேலையைத் தேடலாம். இரண்டாவது மட்டும்தான் என்றால் டீம் மாறினாலே பாதி தீரும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: களைத்தவர் கண்ணுக்கு ஆர்கானிக் பண்ணையும் காபிக் கடையும் சொர்க்கம். நாலு சனிக்கிழமை அந்தத் தொழில் செய்பவரோடு முழு நாள் நில்லுங்கள், பாக்கி வசூலுக்கும் கூடவே போங்கள்.

வேலையை விடுவது என்று முடிவானால் இதையும் கவனியுங்கள்: கம்பெனி மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடியும். தனி பாலிசியில் விபத்து தவிர மற்றவற்றுக்குப் பொதுவாக முதல் 30 நாள் க்ளெய்ம் கிடையாது. அதனால் நோட்டீஸ் கொடுக்கும்போதே எடுத்துவிடுங்கள். 5 வருட சர்வீஸுக்குச் சில வாரமே பாக்கி என்றால், கிராஜுவிட்டிக்காக (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம்.