கேந்தி நாற்று எது, களை எது?

கேள்வி: வணக்கம் ஐயா. தக்கலைப் பக்கம் வீட்டோடு சேர்ந்து மூன்று சென்ட் இடம் இருக்கிறது. ஓணத்துக்குப் பூ கிடைக்கட்டும் என்று வைகாசிக் கடைசியில் மழை பிடித்ததும் கேந்தி (செண்டுமல்லி), கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஜீனியா விதைகளைக் கலந்து தூவினேன். அடியில் சாணி உரமும் போட்டிருந்தேன். இப்போது மூன்று வாரம் ஆகிறது. பாத்தி முழுக்கப் பச்சையாக முளைத்து நிற்கிறது. எது பூச்செடி, எது களை என்று தெரியவில்லை. போன வருடம் மாமியார் களை என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டதில் பாதிக்கு மேல் கேந்தி நாற்றுதான். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிடக் கூடாது. மருந்து ஏதாவது அடிக்கலாமா?

பதில்: மருந்து வேண்டாம்மா. அகன்ற இலைக் களையைக் கொல்லும் மருந்து உங்கள் கேந்தியையும் சேர்த்தே கொல்லும். அதற்குப் பூ எது, களை எது என்று தெரியாது. கையால்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்தால் எல்லாம் பிடிபட்டுவிடும். மாமியாரையும் குறை சொல்ல வேண்டாம். நாற்று விதையிலையோடு, அதாவது முளைத்ததும் முதலில் விரியும் இலைகளோடு மட்டும் நிற்கும்போது பிடுங்கினால் யாராக இருந்தாலும் தவறத்தான் செய்யும். அதற்கு மேல் வரும் உண்மையான இலை நான்காவது வந்த பிறகுதான் செடி தன் முகத்தைக் காட்டும். மூன்று வாரம் ஆகிவிட்டதால் உங்கள் கேந்திக்கும் ஜீனியாவுக்கும் அந்த வயது வந்திருக்கும். வாடாமல்லி முளைக்கவே பத்துப் பதினைந்து நாள் எடுக்கும், அதனால் அது இன்னும் சின்னதாகத்தான் நிற்கும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். விதை மீதி இருந்தால் நான்கு சின்னத் தொட்டிகளில் வெறும் தென்னை நார்த்தூளை நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு வகை விதையை மட்டும் ஒரு சிட்டிகை போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். மண்ணும் சாணியும் சேர்க்காதீர்கள். அதில் முளைப்பது நீங்கள் போட்ட விதையாகத்தான் இருக்கும். பாத்தியில் சந்தேகம் வரும்போதெல்லாம் தொட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். களைகள் ஐம்பது வகை இருக்கும், அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. நீங்கள் விதைத்தது நாலே வகை. அந்த நாலின் குஞ்சு முகத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

கேந்தியைத்தான் அதிகம் இழந்திருக்கிறீர்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேந்திக்கு விதையிலை இரண்டும் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். அதற்கு மேல் வரும் இலைகள் தண்டின் இரு பக்கமும் எதிரெதிரே ஜோடியாக வரும். ஒவ்வொரு இலையும் சிறகு போலப் பிரிந்து, ஓரம் பல் பல்லாக இருக்கும். இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கேந்தியின் வாசனையே அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே ஒரு இலை நுனியை விரலால் கசக்கி முகர்ந்து பார்த்தால், தோவாளைப் பூச்சந்தையில் கேந்திக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றால் அடிக்கும் அதே வாசனை வரும். பாத்தியில் வழக்கமாக வரும் களைகளுக்கு அந்த வாசனை கிடையாது.

கேந்தியோடு குழப்புவது முக்கியமாகப் பார்த்தீனியம். அதன் இலையும் காரட் இலை போலக் கிழிந்து கிழிந்துதான் இருக்கும். ஆனால் இளம் பருவத்தில் தண்டே தெரியாது. இலைகள் தரையோடு தரையாக வட்டமாகப் படர்ந்து கிடக்கும். தண்டு எழும்பிய பிறகு பார்த்தால் இலைகள் ஜோடியாக வராமல் மாறி மாறி வரும். இலையில் மெல்லிய ரோமம் உண்டு. அதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கசக்கியும் பார்க்காதீர்கள். சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும், மூச்சுத் தொந்தரவும் வரலாம். அதனால் இலை வரிசையை முதலில் பார்த்துவிட்டு, ஜோடி இலை என்று உறுதியான செடியை மட்டும் கசக்கிப் பாருங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னே வேரோடு எடுத்துவிட வேண்டும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும்.

கோழிக்கொண்டைக்கும் குப்பைக்கீரைக்கும் வித்தியாசம் காண்பது இன்னும் கொஞ்சம் சிரமம். இரண்டும் ஒரே குடும்பம், நாற்றும் ஒரே சாயல். சிவப்புத் தண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், கீரையிலும் சிவப்பு வரும். இலை நுனியைப் பாருங்கள். கோழிக்கொண்டை இலை ஈட்டி போலக் கூராக முடியும். குப்பைக்கீரை இலையின் நுனியில் நகத்தால் கிள்ளியது போல ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். முள்ளுக்கீரை என்றால் கொஞ்சம் வளர்ந்ததும் இலைக் கக்கத்தில் முள் தட்டுப்படும். பண்ணைக்கீரை வந்திருந்தால்தான் சங்கடம். அதுவும் கோழிக்கொண்டையும் ஒரே இனம், பூக்கும்வரை பிரித்தறிய முடியாது. நெருக்கமாக நிற்பதை மட்டும் கலைத்துவிட்டு மற்றதை விட்டு வையுங்கள். பிடுங்கும் குப்பைக்கீரையை எறிய வேண்டாம், நல்ல துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைக்கலாம்.

ஜீனியா எளிது. ஜோடி இலை, காம்பே இல்லாமல் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும், ஓரத்தில் பல் இருக்காது, தொட்டால் சொரசொரப்பு. வெட்டுக்காயப் பூண்டும் ஜோடி இலையும் சொரசொரப்பும் கொண்டதுதான், ஆனால் அதற்கு இலை ஓரம் வெட்டு வெட்டாக இருக்கும், சின்னக் காம்பும் உண்டு. வாடாமல்லிக்கு எதிரெதிர் இலை, மேலே பட்டுப் போல வெண்ணிற ரோமம். நாயுருவி நாற்று இதோடு குழப்பும். அங்கே தொட்டிச் செடியை வைத்து ஒப்பிடுவதுதான் வழி.

வரப்போரம் மழைப்பூ (ரெயின் லில்லி) கிழங்கு நட்டிருந்தால் அதைக் கோரை என்று இழுத்துவிடாதீர்கள். கோரையின் பூத்தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். மழைப்பூவின் இலை சதைப்பற்றாக இருக்கும், அடியில் வெங்காயம் போன்ற கிழங்கு இருக்கும். கோரையை மேலே அறுத்தால் பயனில்லை, கிழங்கிலிருந்து திரும்ப வரும். மண்ணைக் கிளறி அந்தக் கறுப்புக் கிழங்குகளையும் பொறுக்கி எடுக்க வேண்டும்.

நாலு முனைத் தண்டோடு, தலையில் வெள்ளைப் பூ வைக்கப் போகும் தும்பை வந்திருந்தால் ஒரு மூலையில் நாலு செடியை விட்டு வையுங்கள். ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் இடும் வீட்டில் தும்பைக்கு எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயலில் அது களைதான், உங்கள் முற்றத்துக்கு அது தேவைப்படும் பூ.

களை எடுக்க மழை விட்ட மறுநாள் காலை நல்ல நேரம், மண் இளகியிருக்கும். பூச்செடிக்கு ஒட்டி நிற்கும் களையை இழுத்தால் இரண்டின் வேரும் சேர்ந்து வரும். ஒரு கையால் பூநாற்றின் அடி மண்ணை அழுத்திக்கொண்டு மறு கையால் இழுங்கள். இரண்டும் ரொம்ப நெருக்கமாக இருந்தால் களையைக் கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் நறுக்கிவிடுங்கள். அப்புறம், நெருக்கமாக முளைத்த கேந்தி நாற்றுகளை மண்ணோடு பெயர்த்து, ஒன்றரை அடிக்கு ஒரு அடி இடைவெளியில் கயிறு பிடித்து வரிசையாக நட்டுவிடுங்கள். அதற்குச் சரியான வயது இதுதான். வரிசைக்கு வெளியே நிற்பதில் மற்ற மூன்று பூநாற்றையும் அடையாளம் கண்டு விட்டுவைத்தால், மிச்சமெல்லாம் களை என்று அதன் பிறகு மாமியாரே தாராளமாக எடுத்துவிடலாம். இடைவெளியில் கதம்பையை (தேங்காய் மட்டையை) குப்புறப் பரப்பினால் புதுக் களை குறையும்.

இவ்வளவு களை வந்ததற்கு உங்கள் சாணியும் ஒரு காரணம். மாடு தின்ற புல், கீரை விதைகளில் பல அதன் வயிற்றில் சாகாமல் வெளியே வரும். சாணி நன்றாக மக்கிச் சூடேறினால்தான் அவை அழியும். அடுத்த முறை மண் வாசனை வரும்வரை மக்கிய உரத்தை மட்டும் போடுங்கள். பாத்தி பிடித்ததும் விதைக்காமல் தண்ணீர் விட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருங்கள். முளைக்கிற களையை மேலாகக் கொத்திவிட்டு, ஆழமாகக் கிளறாமல், அதன் பிறகு வரிசையில் விதையுங்கள்.