உயிரியல் பூங்காவின் பண்ணை விலங்குப் பகுதியில் தன்னார்வலரின் வேலை என்ன? தீனி போடுவதில் ஏன் இத்தனை கட்டுப்பாடு?

பல உயிரியல் பூங்காக்களில் ஆடு, கோழி, முயல், கழுதை போன்ற வளர்ப்பு விலங்குகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. அங்கே ஊதியம் பெறாமல், பராமரிப்பாளரின் மேற்பார்வையில் உதவுபவரே பண்ணை விலங்குத் தன்னார்வலர். கொட்டிலைக் கூட்டுவதும், தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதும், விலங்குகளைத் தொட வரும் குழந்தைகளின் பக்கத்தில் நிற்பதுமாகவே அவருடைய நேரம் பெரும்பாலும் கழியும்.

தீனியை அவர் விருப்பத்துக்கு விடாததற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆட்டின் இரைப்பையில் 4 அறைகள் உள்ளன; அவற்றுள் மிகப் பெரிய அறையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லையும் வைக்கோலையும் மெல்ல மெல்லச் செரிக்க வைக்கின்றன. பழக்கமில்லாத ஆட்டுக்குத் திடீரென்று நிறையத் தானியமோ ரொட்டியோ கொடுத்தால், அது வேகமாகப் புளித்து அமிலம் பெருகி, ஆடு இறந்துபோகவும் கூடும். நிதானமாக எரிந்துகொண்டிருக்கும் விறகடுப்பில் மண்ணெண்ணெயைக் கொட்டுவதைப் போன்றது அது. அன்போடு நீட்டும் ஒரு பிடி தீனிதானே என்று தோன்றும். ஆனால் அன்று வந்த ஒவ்வொருவரும் அப்படி ஒரு பிடி கொடுத்திருந்தால்?

ஆட்டின் கண்ணை அருகில் பார்த்தால் கண்மணி கிடைக்கோடாக நீண்டிருப்பது தெரியும். எதிரியைத் தொலைவிலேயே கண்டுகொண்டு ஓட வேண்டிய உயிரினத்தின் கண் அது. ஆகவேதான், பின்னாலிருந்து பாய்ந்து கட்டிப்பிடிக்காமல், ஆடு பார்க்கும்படி பக்கவாட்டில் மெதுவாக வரும்படி குழந்தைகளிடம் சொல்கிறார்கள்.

விலங்குகளைத் தொட்டபின் சானிடைசர் தடவினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். நல்ல உடல்நலத்துடன் தோன்றும் விலங்கிடமும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும், அவற்றுள் சில சானிடைசருக்குச் சாவதில்லை என்பதால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் கைகழுவுவதே சரியான முறை.