கீசர் தண்ணி கொதிக்குது, வால்வ அடைச்சுடலாமா?

கேள்வி: அண்ணா, நாங்க தண்டையார்பேட்டைல வாடகை வீடு, மூணாவது மாடி. 15 லிட்டர் கீசர், நாங்க குடி வரும்போதே மாட்டி இருந்துச்சு. போன மாசம் தண்ணி சூடே ஆகல. ஒரு எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு, தெர்மோஸ்டாட் (சூடு ஏறுனதும் கரண்ட கட் பண்றது) போயிடுச்சும்மா, அத தாண்டி டைரக்ட் குடுத்துட்டேன், பத்து பதினஞ்சு நிமிஷம் போட்டு ஆஃப் பண்ணிடுங்கன்னு சொல்லி 300 ரூபா வாங்கிட்டு போயிட்டாரு. முந்தாநாள் அத்தை போட்டுட்டு சீரியல் பாக்க உக்காந்தவங்க மறந்தே போயிட்டாங்க. பாத்ரூம் பூரா ஆவி, கீசரோட சேஃப்டி வால்வுல இருந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு கொதி தண்ணி. வால்வு கெட்டுப்போச்சு, அந்த வாய ஒரு ப்ளக் போட்டு அடைச்சுடலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. அடைக்கலாமா?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஐயோ, அடைக்காதீங்கம்மா! இத படிச்ச உடனே கீசர் சுவிட்ச் மட்டும் இல்ல, கரண்ட் போர்டுல இருக்குற அதோட எம்சிபி பிரேக்கரையும் ஆஃப் பண்ணிட்டு அத்தை தெரியாம போட்டுடாத மாதிரி மேல ஒரு டேப் ஒட்டிடுங்க, மத்தத அப்புறம் பேசிக்கலாம். அந்த வால்வு கெட்டுப்போகல, அன்னைக்கு உங்க வீட்டு கீசர்ல ஒழுங்கா வேலை பாத்ததே அது ஒண்ணுதான். தண்ணி ஆவியானா 1600 மடங்குக்கு மேல இடம் கேக்கும், அதுக்கு இருக்குற ஒரே வாசலையும் மூடுனா டேங்க் வெடிக்கும். சாதாரணமா சூடாகும்போது ஒரு டம்ளர் அளவுக்கு சொட்டுனா அது சகஜம், தண்ணி சூட்டுல விரியறதுதான். ஆவியோட சீறுனா வால்வ திட்டக்கூடாது, உள்ள கட் ஆகாம எது ஓடுதுன்னு பாக்கணும்.

கணக்கு போட்டு பாருங்க. தண்ணிய சூடாக்குற காயில் 2000 வாட், தண்ணி 15 லிட்டர், மார்கழில டேங்க் தண்ணி ஒரு 26 டிகிரின்னு வெச்சுக்கங்க, 60 டிகிரி வர்றதுக்கு ஒரு 18 நிமிஷம் ஆகும், அங்க தெர்மோஸ்டாட் டக்குன்னு கட் பண்ணணும். பண்ணலன்னா 40 நிமிஷத்துல கொதி வந்துடும், அத்தை ரெண்டு சீரியல் பாக்குறதுக்குள்ள முடிஞ்சுது. அதுவும் இல்லாம தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டாலும் காப்பாத்துறதுக்குன்னு கட்அவுட்னு தனியா ஒண்ணு வெச்சிருப்பாங்க, 90 டிகிரி பக்கம் போனா தட்டி விட்டுடும், நிறைய மாடல்ல ஒரு சின்ன பட்டன அழுத்துனாதான் திரும்ப ஓடும். உங்காளு அதையும் சேத்து தாண்டி ஒயர் போட்டிருப்பாருன்னுதான் எனக்கு தோணுது, இல்லன்னா ஆவி வர்ற வரைக்கும் போயிருக்காது. போன மாசம் சூடு ஆகாததே கட்அவுட் விழுந்ததாலயா கூட இருக்கலாம். டைரக்ட் குடுக்குறது ரிப்பேரே இல்லம்மா, 300 ரூபா வாங்கிட்டு ஆபத்த மாட்டிட்டு போறது. எத்தன வீட்ல இத பாத்துட்டேன், சொல்லி சொல்லி வாய் வலிக்குது.

சரி, இப்ப மாத்துற வேலை. மெயின் ஆஃப் பண்ணி, டெஸ்டர் வெச்சு பாத்துட்டு கீழ் மூடிய கழட்டுனா ஒரு கம்பியோட சின்ன டப்பா மாதிரி சொருகி இருக்கும், அதுதான் தெர்மோஸ்டாட். ஒயர உருவுறதுக்கு முன்னாடி செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க. கம்பி ஒரு குழாய்க்குள்ள காய்ஞ்ச இடத்துல இருக்குறதுனால தண்ணிய வடிக்க வேணாம், நேரா இழுத்தா வந்துடும். மல்டிமீட்டர் வெச்சா ஆறி இருக்கும்போது கன்டினியூட்டி, அதாவது கரண்ட் போற வழி விட்டுப்போகலன்னு காட்டணும், கம்பிய மட்டும் கொதி தண்ணி டம்ளர்ல விட்டா டக்குன்னு சத்தம் கேட்டு கட் ஆகணும், ஆகலன்னா தூக்கி போடுங்க. அப்படியே காயிலையும் பாத்துடுங்க, 2000 வாட்டுக்கு 26 ஓம் பக்கம் வரணும், காயில் முனைக்கும் பாடிக்கும் நடுவுல ஏதாச்சும் ரீடிங் காட்டுச்சுன்னா லீக்கேஜ், அப்ப காயிலையும் மாத்தாம சுவிட்ச்ல கை வெக்கவே கூடாது.

பாரீஸ் பக்கம் எலக்ட்ரிக்கல் கடைக்கு போனா பழசையே கைல எடுத்துட்டு போங்க, கம்பி நீளமும் ஆம்பியரும் ஒண்ணா இருக்கணும், கம்பி குட்டையா இருந்தா சூடு சரியா தெரியாது. ஒயர் முனைல இருக்குற லக் கருகி இருந்தா அதையும் வெட்டி புதுசு போட சொல்லுங்க. நிறைய பேர் இத விட்டுட்டு, புது தெர்மோஸ்டாட்டும் ஆறு மாசத்துல எரிஞ்சு போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போறாங்க. எர்த் ஒயர் திரும்ப மாட்டணும், ஒட்டு போட்ட அந்த டைரக்ட் ஒயர பிடுங்கி எறியணும். சுடுதண்ணி குழாய திறந்து காத்து போய் தண்ணி ஒழுங்கா வந்ததுக்கு அப்புறம்தான் சுவிட்ச் போடணும், காலி டேங்க்ல போட்டா காயில் காலி. செட்டிங் 60 போதும், அதுக்கே தோல் சுட்டுடும், குழந்தைக்கு பச்ச தண்ணி கலந்துதான் ஊத்தணும். மீட்டர் பிடிச்சு பழக்கம் இல்லன்னா தெரிஞ்ச ஆள கூப்பிடுங்க, ஆனா நீங்க பக்கத்துலயே நில்லுங்க. செலவு யாரோடதுன்னு வாடகை ஒப்பந்தத்த பாத்துட்டு ஹவுஸ் ஓனர்கிட்ட பேசுங்க, கேக்க கூச்சப்படாதீங்க.

இன்னொண்ணு, போர் தண்ணியா மெட்ரோ தண்ணியான்னு நீங்க எழுதல. வடசென்னை பக்கம் காட்டுப்பள்ளில கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்குற ஆலைய 2010லயே திறந்தாங்க, ஆனா பக்கத்து தெருவுல இன்னும் போர்தான் ஓடும். போர்னா காயில் மேல சுண்ணாம்பு மாதிரி உப்பு கெட்டியா படிஞ்சு சூடு தண்ணிக்கு போகாது, காயிலே உள்ளுக்குள்ள வேகும். வருஷத்துக்கு ஒரு தடவ கழட்டி சுத்தம் பண்ணி, டேங்க் துருப்பிடிக்காம இருக்க உள்ள வெச்சிருக்குற மெக்னீசியம் ராடு கரைஞ்சு போயிருந்தா மாத்திடுங்க.

கேள்வி: புதுசா மாட்டுன கீசர், சுடுதண்ணி ரெண்டு மக் வந்துட்டு பச்ச தண்ணி ஆயிடுது. தெர்மோஸ்டாட் ரெண்டு தடவ மாத்தியாச்சு அண்ணே!
— பெரம்பூர் வாசகர்

பதில்: தெர்மோஸ்டாட்ட விட்டுடு தம்பி, பிளம்பர் குழாய மாத்தி குடுத்திருக்காரான்னு பாரு. நீல வளையம் தண்ணி உள்ள போறது, சிவப்பு வெளிய வர்றது. மாறிட்டா பச்ச தண்ணி மேல போய் ஊத்தி, சூடு தண்ணி ஏறுற இடத்தையே கெடுத்துடும். பைப்ப மாத்தி மாட்டிட்டு ஒரு தடவ குளிச்சு பாத்துட்டு எழுது.